மூடியில் நின்ற தண்ணீர்

நம் வயசுக்காரர்களிடம் டாக்டர் முதலில் பிடுங்குவது சர்க்கரையைத்தான். அப்புறம் உப்பு. அப்புறம் காப்பி. உங்களிடம் இன்னும் பிடுங்கவில்லை என்றால் நீங்கள் டாக்டரிடமே போகவில்லை என்று அர்த்தம். போன வாரம் என் மருமகள் காப்பிக்குப் பதிலாக ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, நூல் கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றை அதில் முக்கி என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பச்சைத் தேயிலையாம். கொழுப்பைக் கரைக்குமாம். இந்த உடம்பில் கரைப்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆவி மூக்கில் ஏறிவிட்டது. நனைந்த வைக்கோல், வேகவைத்த கீரைத்தண்ணி, அதற்கு அடியில் லேசாக ஒரு கசப்பு. அறுபது வருஷமாக நான் முகராத வாசனை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்கு அந்த டீ பிடிக்கவில்லை என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. யுத்த காலத்தில் பாவாடை கட்டித் திரிந்தவர்களுக்குத்தான் விளங்கும் என்று உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயசு. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் முன்பக்கம் நாலு தறி, பின்பக்கம் சமையல், நடுவில் கிணறு. பெரியப்பா சொன்னதுதான் வீட்டில் நடக்கும். அப்பா தறியில் உட்கார்ந்தாலும் பேசமாட்டார், எழுந்தாலும் பேசமாட்டார். தறியில் ஓடியது ஜப்பான் பட்டு நூல். அந்த நூல் சிப்பங்களின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டுகளுக்கு நானும் பெரியப்பா மகளான அக்காவும் அடித்துக்கொள்வோம். கொக்கு, மலை, குடை பிடித்த பெண்பிள்ளை என்று விதவிதமாக இருக்கும். தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைத் தடவி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். பதினேழு சீட்டு. அக்காவிடம் பன்னிரண்டுதான்.

அந்த நூலைத் தரம் பார்த்து வாங்குவதற்கென்றே ஜப்பானில் கோபே என்ற ஊருக்குப் போனவர் என் மாமா. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, அவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமாவுக்குத் தாய் தகப்பன் கிடையாது. சின்ன வயசிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து பெரியப்பா கையில் வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தடவினாலே நயம் எது, மட்டம் எது என்று சொல்லிவிடுவார் என்று சேலத்து நூல் வியாபாரிகள் வரை பேசுவார்களாம். அப்படிப்பட்ட ஒருவர்தான் அவரைக் கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தார். அத்தையும் கூடப் போனாள். ஐந்து வருஷம் அங்கே இருந்தார்கள்.

ஜப்பான்காரன் சண்டையில் இறங்குவதற்கு நாலு மாதம் முன்பு, ஒரு ஆவணியில், அத்தை மட்டும் திரும்பி வந்தாள். நிலைமை சரியில்லை, பெண்களை முதலில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று அங்கே பேச்சு எழுந்ததாம். கிடங்கில் நிற்கும் சிப்பங்களை ஏற்றிவிட்டு அடுத்த கப்பலில் வருவதாக மாமா சொல்லியிருந்தார். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தையிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பட்டும் நகையும் வரும் என்று பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து வந்தது ஒரு மண் கெண்டி. அதன் பிடி பின்பக்கம் இல்லாமல் அகப்பைக் காம்புபோலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு மூடி போட்ட இரண்டு பீங்கான் கிண்ணங்கள். பிறகு பச்சைக் காகிதம் ஒட்டிய ஓர் உயரமான டப்பா. அக்கா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

டப்பாவில் இருந்ததுதான் தேயிலை. ஊசி ஊசியாக, கரும்பச்சையாக இருக்கும். தினமும் மத்தியானம் தறிச்சத்தம் ஓய்ந்ததும் அத்தை தண்ணீர் காய்ச்சுவாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றமாட்டாள். முதலில் கிண்ணத்தில் ஊற்றி, கை பொறுக்கும் சூடு வந்தபிறகு கெண்டியில் சாய்ப்பாள். பாலும் கிடையாது, வெல்லமும் கிடையாது. எங்கள் வீட்டில் காப்பியே அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. பெரியப்பா அதற்குத் தழைத்தண்ணி என்று பேர் வைத்தார். ஆடு மாடு கூட உப்பு இருந்தால்தான் குடிக்கும் என்றார். பிள்ளை உண்டாவதற்குச் சீமை வைத்தியன் கொடுத்த மருந்து என்று அம்மாவுக்கு ஒரு நினைப்பு. வீட்டில் யாரும் கேட்காததால் அத்தையும் இல்லை என்று சொல்லவில்லை.

நான் குடித்தேன். முதல் நாள் துப்பினேன். இரண்டாம் நாளிலிருந்து துப்பவில்லை, ஏனென்றால் அதோடு ஒரு பட்சணம் வரும். ஒன்றே ஒன்றுதான். நெல்லிக்காய் அளவு. அதைச் சின்னக் குச்சியால் நாலாக வெட்டி, ஒரு துண்டு வாயில் போட்டு, அந்த இனிப்பு கரையும்போது கசப்புத் தண்ணியை ஒரு வாய் குடிக்க வேண்டும். நாலு தடவை அப்படி. அவசரப்பட்டு ஒரே வாயில் போட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், இன்னொன்று கிடைக்காது. ஒரு பண்டத்தை மெதுவாகத் தின்னலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பட்சணம் மாதத்துக்கு மாதம் மாறும். கோபேயில் மாமா வேலை பார்த்த இடத்துக்குப் பின்னால் ஒரு மிட்டாய்க் கடை இருந்ததாம். அந்தந்தப் பருவத்தில் என்ன பூக்கிறதோ என்ன காய்க்கிறதோ அதை வைத்துத்தான் கடைக்காரர் செய்வாராம். மாமா ஒன்று வாங்கி வருவார், இருவரும் பாதிப்பாதி தின்பார்களாம். அங்கே கிடைத்ததெல்லாம் ராசிபுரத்தில் கிடைக்குமா? அத்தை கிடைத்ததை வைத்துச் செய்தாள். புரட்டாசியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, தறியில் விழுந்த பட்டுத்துண்டில் வைத்து முறுக்கிப் பிழிந்தாள். துணியைப் பிரித்தால் கிழங்கின் மேல் துணியின் மடிப்பெல்லாம் அப்படியே பதிந்திருக்கும். மார்கழியில் சிவப்புத் தட்டைப்பயறை வெல்லத்தோடு குழைய வேகவைத்து, அதில் அரிசிமாவு உருண்டைகளை மிதக்கவிட்டாள். பங்குனியில் அந்தப் பயற்றுப் பூரணத்தை மாவுக்குள் வைத்துப் பூவரசு இலையில் சுருட்டி ஆவியில் வைத்தாள். அந்த ஊரில் ஒரு பூமரத்தின் இலையை உப்பில் ஊறவைத்துச் சுற்றுவார்களாம், இலையோடு சேர்த்தே தின்பார்களாம். நான் விடுவேனா? பூவரசு இலையையும் சேர்த்து மென்றேன். சாயங்காலம் வரை நாக்கு மரத்துக் கிடந்தது. அத்தை அப்படி விழுந்து விழுந்து சிரித்ததை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

ஆனால் பங்குனிக்கு முன்பே எல்லாம் கெட ஆரம்பித்துவிட்டது. கார்த்திகைக் கடைசியில் ஜப்பான் சண்டையில் இறங்கியது. மாமாவிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதம் நின்றது. நூல் நின்றது. நாலு தறியில் மூன்று ஓயவே, வீடு வேற்றாள் வீடுமாதிரி ஆகிவிட்டது. மாமா ஏறியிருக்க வேண்டிய அடுத்த கப்பல் வந்ததா, அவர் ஏறினாரா, ஒன்றும் தெரியவில்லை. குண்டு விழப்போகிறது என்று மெட்ராஸிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சேலம் பக்கம் வந்து இறங்கினார்கள். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, உங்கள் வீட்டு மாப்பிள்ளை எதிரி நாட்டில் இருக்கிறாராமே என்று பெரியப்பாவை வாசலில் நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் கேட்டார். பெரியப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அன்றைக்கே அலமாரிக் கதவில் இருந்த என் பதினேழு சீட்டையும் சுரண்டி அடுப்பில் போட்டார்கள். தேயிலை டப்பாவின் பச்சைக் காகிதத்தை அத்தையே தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டாள். வெறும் தகரமாக அதை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. இனிமேல் ஜப்பான் என்ற வார்த்தை இந்த வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது என்றார் பெரியப்பா. மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் எங்கள் மாமா ஜப்பானில் இருக்கிறார் என்று பீற்றிக்கொண்டேன். அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அதுவரை என்னை அடித்தேயிராதவர் பாவு கட்டும் குச்சியை எடுத்துவிட்டார். இன்னொரு தரம் அந்தப் பேர் உன் வாயில் வந்தால் உன் அப்பனையும் என்னையும் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவார்கள் என்றார். நான் நம்பினேன். இந்தக் கதையில் எல்லாமே அந்த நம்பிக்கையில் வந்து முட்டிக்கொண்டது.

கடிதம் நின்ற பிறகுதான் அத்தை இரண்டாவது கிண்ணத்தை எடுத்தாள். நூல் வைக்கும் அறையில், எனக்கும் தனக்கும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, இன்னொன்றில் நிறைய ஊற்றி மூடி, அதன் பக்கத்தில் பட்சணம் ஒன்றை வைப்பாள். சாப்பிடுங்க என்று மெல்லச் சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திருப்பிப் பார்ப்பாள். அதற்கப்புறம் அந்தப் பட்சணத்தை எனக்குக் கொடுத்துவிடுவாள். யாருக்கு வைக்கிறாய் என்று கேட்டேன். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அங்க பக்கத்து ஊட்டுக்காரம்மா புருசன் கப்பல்ல போறவரு. அவரு திரும்பி வர்ற வரைக்கும் அந்தம்மா தினமும் இப்பிடி வெக்கும். போன எடத்துல பசியோட இருக்கக்கூடாதுல்ல சாமி, அதுக்குத்தான். ஆறதுக்கு முன்ன மூடியத் தொறந்து பாக்கோணும். உள்ள தண்ணி முத்து முத்தா நின்னா ஆளு சொகமா இருக்கறாங்கன்னு அர்த்தம்."

மூடியை என்னிடம் காட்டினாள். உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்துகள். மாமா சுகமாக இருந்தார். இதை ஒருத்தரிடமும் சொல்லாதே, அந்த ஊர்ப் பழக்கம் என்று தெரிந்தால் இதையும் நிறுத்திவிடுவார்கள் என்றாள். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் மூடியைப் பார்த்தோம். பனங்காய் இறங்கும் காலம் வந்தது. நுங்கைத் தோல் சீவி, நடுவில் பயற்றுப் பூரணத்தை வைத்து, பித்தளைத் தூக்கில் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தொடும்படி கயிற்றில் இறக்கிவைத்தாள் அத்தை. மத்தியானம் மேலே இழுத்தால் தூக்கே சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சியும் அந்தச் சூட்டுத் தண்ணியும் ஒன்றாக இறங்கினால் தொண்டைக்குள் என்னவோ செய்யும். நல்ல நுங்கு மாமாவுக்குப் போகும். அதை அப்புறம் நான்தான் தின்பேன் என்றாலும் முதலில் அவருக்குத்தான். அரிசிக்கும் சீமெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருஷம் அது. அத்தை தன் பங்கு வெல்லத்தைக் கஞ்சியில் போடாமல் மிச்சம்பிடித்துத்தான் இதெல்லாம் செய்தாள்.

ஐப்பசியில் அக்காவுக்கு மல்லசமுத்திரத்திலிருந்து இடம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் வீடு பார்க்க வந்தார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். கைகழுவ எழுந்தவர் நூலறைப் பக்கம் வந்தபோது, மூடிய கிண்ணத்துக்கும் பட்சணத்துக்கும் முன்னால் அத்தை உட்கார்ந்து, சாப்பிடுங்க என்று சொல்வதைப் பார்த்துவிட்டார். நம் வீடுகளில் ஆள் இல்லாத இடத்தில் தண்ணியும் பண்டமும் வைத்துச் சாப்பிடு என்று சொன்னால் அது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். செத்தவர்களுக்கு. உயிரோடு இருப்பவருக்கு யாரும் படையல் வைக்கமாட்டோம். வைப்பது அவரைக் கொல்வதற்குச் சமானம்.

அந்த அம்மாள் போகும்போது அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் நாத்தனாருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது, மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாள். கருமாதி செய்யாமல் படையல் வைக்கிற வீட்டில் நாங்கள் எப்படிப் பெண் எடுப்பது, முறையாகச் செய்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள் என்றார்.

கோபேயிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று முழுகிப்போனதாக நூல் வியாபாரி ஒருவர் அதற்கு முந்தின மாதம்தான் சேலத்தில் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தார். எந்தக் கப்பல், எப்போது என்பது அவருக்கே தெரியாது. பெரியப்பா அதை யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருந்தார். இப்போது அதுவும் இதுவும் சேர்ந்துகொண்டன. அத்தைக்கு வந்த கடைசிக் கடிதத்திலேயே ஏதோ கெட்ட சேதி இருந்திருக்கிறது, எங்களிடம் மறைத்துவிட்டாள் என்று அவர் முடிவுகட்டினார். அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் மனசு உடைந்துவிடும் என்று என்னைக் கூப்பிட்டார்.

நிறுத்திவைத்த தறி ஒன்றின் பலகையில் உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் நின்றார். அந்தக் குச்சி சுவரில் சாத்தியிருந்தது. அதையேதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, பொய் சொல்லக்கூடாது. உங்கத்தை ரண்டாவதா ஒரு கிண்ணம் வெக்கறாளே, அது ஆருக்கு?"

"மாமாவுக்குங்க."

"அவருக்குன்னு சொல்லியா வெக்கறா?"

"ஆமாங்க. சாப்பிடுங்கன்னு சொல்லுவாங்க."

"தினமுமா?"

"தினமுந்தாங்க."

அடுத்து நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே விஷயம். இது செத்தவருக்கு வைப்பதல்ல, அந்த ஊரில் பிரயாணம் போனவருக்கு வைப்பது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் எந்த ஊர் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் அப்பாவுக்கு விலங்கு. சத்தியமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். பெரியப்பா தோள்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் அழுவார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை அத்தையிடம் அவரே சொன்னார். எல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ ஒன்றும் மறைக்க வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்றார். அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெரியப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு உசுரோட இருக்கறாருங்கண்ணா. நேத்தும் மூடியில தண்ணி நின்னுச்சுங்க."

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பேச்சு விளங்கவில்லை. அம்மா அத்தையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, புத்தி பேதலித்துப்போச்சே என்று புலம்பினாள். அத்தை அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு சாமி. நீதான தினமும் பாத்த."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பெரியப்பாவும் திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒன்பது வயசுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயசில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லத் தெரிந்தது. நுங்கை நாலாக வெட்டி மெதுவாகத் தின்னத் தெரிந்தது. இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

ஏரிக்கரையில் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து, தூரத்துப் பங்காளி ஒருவரைக் கொள்ளி வைக்கச் சொன்னார்கள். கருமாதியன்று அத்தையின் தாலியைக் கழற்றினார்கள். வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். இதெல்லாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அன்று அத்தை சத்தம் போடவில்லை. பெரியப்பாதான் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போலக் கிடந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்பினால்தான் செய்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

தை மாதம் அக்கா கல்யாணம் நடந்தது. பட்சணமெல்லாம் செய்யத் தெரிந்த அத்தையை நல்ல காரியம் என்று அடுப்படிப் பக்கமே விடவில்லை. பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். நான் புதுப்பாவாடையை உடுத்திக்கொண்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அத்தை இனிப்புச் செய்வதை நிறுத்திவிட்டாள். மத்தியானத்துத் தண்ணியை நிறுத்தவில்லை. நூலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான். வீட்டில் மற்றவர்கள் கண்டும் காணாததுபோல விட்டார்கள். இப்போதுதான் கருமாதி ஆகிவிட்டதே, படையல் வைத்தால் தப்பில்லையே! என்னைக் கூப்பிடவில்லை. கோபத்தினால் அல்ல, நான் ஒளிந்து திரிந்ததால்தான். ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்தேன். டப்பா காலியாகிவிட்டிருந்தது. பழைய இலையை வெயிலில் காயவைத்து மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அதுவும் சாயம்போய் வெறும் வெந்நீராயிற்று. வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, சாப்பிடுங்க என்றாள். எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் நின்றது.

அப்படியே வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்து, அடுத்த வருஷத்து மழைக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. கோபேயில் மாமாவோடு வேலை செய்த வடக்கத்திக்காரர் ஒருவர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். மாமா கப்பலில் ஏறவே இல்லை. கடைசிக் கப்பல் போனபிறகு அங்கேயே மாட்டிக்கொண்டார். சண்டை முடிவதற்கு முந்தின பனிக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டி, ஒரு வாரம் படுத்திருந்து இறந்துபோனார். எந்த மாதம் என்று பெரியப்பா வாத்தியாரிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் வாத்தியார் அதே மாதத்தைத்தான் சொன்னார். நாங்கள் ஏரிக்கரையில் அவரை எரித்த பிறகு, அவர் இரண்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார்.

வாத்தியார் போனதும் பெரியப்பா அத்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவளிடம் ஒரு காரியத்தைக் கலந்து கேட்டது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"என்ன பண்ணலாம் சாமி? முறையா இன்னொருக்கா..."

"வேண்டாங்கண்ணா," என்றாள் அத்தை. "அவருக்குத்தான் ஒருக்கா பண்ணிட்டமே."

பிறகு எழுந்து போய் வழக்கம்போலத் தண்ணீர் காய்ச்சினாள். கிண்ணங்கள் இரண்டையும் எடுத்துவந்து ஊற்றினாள். அன்றைக்கு இரண்டாவது கிண்ணத்துக்கு மூடி வைக்கவில்லை. அதைப் பெரியப்பாவின் பக்கம் நகர்த்தினாள். தழைத்தண்ணி என்று கேலி செய்த மனுஷர், தழைகூட இல்லாத அந்தத் தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடித்தார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அத்தை தனியாக இருந்தபோது போனேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயசு. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குச்சியை, விலங்கை, சத்தியத்தை. இன்னொன்றையும் சொன்னேன். சூடாக எதை ஊற்றி மூடினாலும் மூடியில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும், சோற்றுப்பானையில்கூட நிற்கிறது, அதனால் அன்றைக்கு நான் சாட்சி சொல்லியிருந்தாலும் பொய்சாட்சிதானே என்று கேட்டேன். என் பாரத்தை இறக்கிவைக்க நான் கண்டுபிடித்த சாக்கு அது. அத்தை வாளியைக் கீழே வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதா சாமி? சூடா வெச்சா நிக்கும். ஆறவிட்டா நிக்காது. சூடா வெக்கறது மட்டுந்தான் நம்ம கையில இருக்கறது."

என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கல்யாணமாகி நான் வேறு ஊர் போய், அத்தை காலமான தகவல் வரும் வரை எத்தனையோ தடவை பார்த்துப் பேசியிருக்கிறோம். இந்தப் பேச்சு மறுபடி வரவில்லை. கெண்டி என்னவாயிற்று என்று தெரியாது. தகர டப்பாவில் தறி ஆணிகளைப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அந்த இரண்டு வருஷத்தைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மாமாவுக்கு நாள் பார்த்துத் திதி கொடுத்தோம். நல்லவர், அற்பாயுசில் போய்விட்டார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னோம். அவரோ யாருமில்லாத ஊரில் இருமிக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று இந்த உலகத்தில் நினைத்துக்கொண்டிருந்தது ஒருத்திதான். அவளுக்குத்தான் நாங்கள் வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருந்தோம்.

மருமகள் வைத்த கிண்ணம் அன்றைக்கு நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஆறிப்போயிருந்தது. கொட்டிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சூடுபண்ணிக் கொண்டுவா, மேலே ஒரு தட்டை மூடிக் கொண்டுவா என்றேன்.